பட்டனின் வயிற்றில் உன் பேர்

என் அன்பான புழுக்கை விஞ்ஞானிக்கு,

நீ இருந்தபோது உன்னை 'வாங்க, போங்க' என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை கெஞ்சினாள். அப்போதே கேட்காதவள் இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால் நீயே பயந்துவிடுவாய். அதனால் இப்பவும் 'நீ'தான், அண்ணா.

முதலில் சேதி. ஆடு மாடுகளின் சாணியிலிருந்து நீ பிரித்து வளர்த்தாயே பாக்டீரியா, அதில் ஒன்று நிஜமாகவே புதுசாம். உன்னோடு ஆராய்ச்சி செய்த ஜெபா அக்கா வீட்டுக்கே வந்து சொன்னார். அதன் மரபணுவை, இதுவரை தெரிந்த மற்ற பாக்டீரியாக்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஒன்றுவிட்ட பங்காளிகூட அகப்படவில்லையாம்.

"செழியன் பேரையே வைக்கப்போறேன் அம்மா. லத்தீன் வால் சேத்தா 'செழியனி'ன்னு வரும்" என்றார். கேட்க ஏதோ சட்னி மாதிரி இருந்தது. நீ போன பிறகு அம்மா பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். மறுநாளே, வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பேக்கிங் டேபிள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஜெபா அக்கா போகிற போக்கில் சொன்ன வார்த்தைதான் காரணம்: "எருமைச் சாணியில கெடச்சது."

அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? அவிநாசியில் எடுத்த எருமைச் சாணியையும் நம் வீட்டு ஆடு பட்டனின் புழுக்கையையும் கரைத்து, வடிகட்டி, சின்னக் குழாய்களில் ஊற்றினாய். பார்க்க எல்லாம் ஒரே பச்சைக் கஷாயம். பேனா மை அழிகிறது என்று, அம்மா வைத்திருந்த பனியன் சைஸ் ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாய். ஆட்டுக்கு S, எருமைக்கு XL. பிறகு குளிக்கப் போனாய்.

நான் மாற்றி ஒட்டினேன்.

நீ வந்து முழிப்பாய், ஐந்து நிமிஷம் சிரித்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீயோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தலையைக்கூடத் துவட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். அடுத்த லீவில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். லீவுக்கு நீ காய்ச்சலோடு வந்தாய். இத்தனை பாக்டீரியாவோடு பழகியவனை ஒரு கொசு கொண்டுபோகலாமா? இது என்ன நியாயம்?

சொன்னால் உன் பேர் போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் உன் புழுக்கை ஆராய்ச்சியே புளுகு ஆராய்ச்சி ஆகிவிடும். மூன்று நாள் முழுங்கிப் பார்த்தேன். நான்காம் நாள் அம்மாவிடம் சொன்னேன், ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றபடி.

அவள் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பிறகு, "ஒரு எழுத்து தப்பா எழுதிப்போட்டாலே சோறு திங்கமாட்டான் எம்பையன். அவம்பேர்ல பொய்யி வேண்டாங் கண்ணு. போனப் போடு" என்றாள்.

"என்னட்டி சொல்லுத? மாத்தி ஒட்டினியா?" என்று போனில் கத்தினார் ஜெபா அக்கா.

"ஆமாங்க்கா. வெளையாட்டுக்குங்க."

"வெளங்கும்! பாக்டீரியா புதுசுதான், ஆனா வீட்டு விலாசம் தப்புல்லா? மறுபடி எடுத்துப் பாப்போம். கெடச்சா அவன் பேரப் போட்டுக் கட்டுரை எழுதுவேன். கெடைக்கலன்னா எழுத முடியாதுட்டி."

அதே எருமையிடம் போய்விட்டு நம் வீட்டுக்கு வந்தார். "நீ குழாய்ப் பக்கமே வராத. ஆட்ட மட்டும் பிடி" என்று உத்தரவு. நான் பிடித்தேன். பட்டன் அந்த நேரத்தில் அவருடைய துப்பட்டா நுனியை மென்றுவிட்டது. பனியன் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியைத் தின்றே வளர்ந்த ஜீவன், துணியைக் கண்டால் விடுமா?

பிறகு காத்திருந்தோம். வாரக்கணக்கில். அம்மா பேக்கிங் டேபிளில் உன் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஒரு குறும்புகூடச் செய்யவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று டீச்சரே கேட்டுவிட்டார்.

போன வாரம் போன் வந்தது. "ஏட்டி, கெடச்சிட்டு! ஆட்டுலதான் இருக்கு. எருமையில இல்லவே இல்ல!"

அம்மா பட்டனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது அவள் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது.

பனியன் துணி தின்பதால்தான் அந்தப் பாக்டீரியா பட்டன் வயிற்றில் குடியிருக்கிறதா என்று ஜெபா அக்காவிடம் கேட்டேன். யாருக்கும் தெரியாதாம். நீ என்ன நினைக்கிறாய்? அப்புறம், முதல் மாதிரியின் லேபிள் மாறியிருந்தது என்று கட்டுரையில் ஒரு வரி வருமாம். பேரில்லாமலே நானும் விஞ்ஞானத்துக்குள் நுழைந்துவிட்டேன், பார்த்தாயா?

குறும்பை விட்டுவிடுவேன் என்று சத்தியம் செய்தால் நீ நம்பமாட்டாய். ஆனால் இனி யாருடைய குழாயிலும் கைவைக்க மாட்டேன். பட்டனைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொள்வேன். அதன் வயிற்றுக்குள்தானே உன் பேர் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோடானுகோடி செழியனிகளுக்கு ஒரே அத்தை,
உன் தங்கச்சி யாழினி