பாதம் கழுவும் பன்னிரண்டு பேர்

4-4-82, குருத்து ஞாயிறு
காலையிலேயே வெயில். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் வீட்டுக்காரி அந்தோணியம்மா எழுதுகிறாள். கன்னியர் மடத்தில் வளர்ந்து நாலாவது வரை படித்தவள். யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பூசை முடிந்ததும் புதுச் சாமியார் கூப்பிட்டார். "பெரிய வியாழனுக்கு நான் பாதம் கழுவற பன்னெண்டு பேர்ல நீங்களும் உக்காரணும்."

ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கழுவியதுபோல, வருஷா வருஷம் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்துச் சாமியார் கழுவுவார். அந்த நாற்காலிகளில் எங்கள் தெற்குத் தெரு ஆள் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் பெரிய தெருக்காரர்கள்தான்.

5-4, திங்கள்
முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனோம். நான், மகன் சவரிமுத்து, மருமகள். விஷயம் அதற்குள் எட்டியிருக்கிறது. தோப்புக்காரரே வந்துவிட்டார். பெரிய தெரு. வருஷா வருஷம் நாற்காலியில் உட்காருகிறவர்.

"என்ன இராயப்பா, நாற்காலி கேக்குதாமே ஒனக்கு?"

"சாமியாருதாங்க சொன்னாரு."

"சாமியாரு ரெண்டு வருசத்துல மாறிப் போயிடுவாரு. தோப்பு இங்கயேதான் இருக்கும்."

வழியில் மகன், "வேணாம்னு சொல்லிடுங்கப்பா. சீசன் போச்சுன்னா வூட்டுல ஒலை கொதிக்காது."

சரி என்றேன்.

6-4, செவ்வாய்
வேலை இல்லை. கால்வலி. பழசெல்லாம் வருகிறது.

சின்ன வயதில் பெரிய வியாழன். கோயிலின் தென்புற வாசல், எங்கள் தெரு ஆட்கள் நிற்கிற இடம். வெளியே அப்பாவின் தோளில் நான். உள்ளே தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார். மணி அடிக்காத நாள், மரக்கட்டை தட்டுவார்கள். ஒரு வருஷம் மூன்றாவது நாற்காலிக்காரர் தூங்கிவிட்டார். தண்ணீர் பட்டதும் "எவன்டா அவன்" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் நான் விழப் பார்த்தேன். எந்த வருஷம் எந்த நாற்காலியில் யார், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். உட்கார்ந்தவர்களுக்கே நினைவிருக்காது.

அப்பா ஒரு நாளும் உள்ளே போக ஆசை என்று சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நேரம் ஆகும்.

7-4, புதன்
முடியாது என்று சொல்லப் போனேன். சாமியார் அரியலூர் பஸ்ஸில் போயிருந்தார். கோயிலில் காத்திருந்தேன். யாரும் இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் இராயப்பர் சுரூபம். பன்னிரண்டு சீடரில் மூத்தவர், எனக்கு வைத்தது அவர் பெயர். வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டதற்கே பயந்து, ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவர். அப்படிப்பட்டவரையும் ஆண்டவர் விடவில்லை.

நானும் வாய்விட்டே சொன்னேன். ஆண்டவரே, எனக்குப் பயம். போகாது போலிருக்கிறது. பயத்தோடேயே வருகிறேன், பக்கத்தில் இரும்.

சாமியாருக்கு மேலும் காத்திருக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

காலில் முந்திரிப் பால் கறை, பித்தவெடிப்பு. செங்கல் துண்டால் அந்தோணியம்மா தேய்த்தாள். "நாப்பது வருசமா பாக்கறேன் இந்தக் கால. பாவம் சாமியாரு." இதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள். மகன் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

8-4, பெரிய வியாழன்
சாயங்காலப் பூசை. எனக்கு ஏழாவது நாற்காலி. எட்டில் தோப்புக்காரர். எழுந்து போகவில்லை. நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். மனசுக்குள், இரும், இரும் என்று அது ஒன்றுதான்.

சாமியார் செம்போடு வந்து முன்னால் மண்டி போட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். பெரிய மனிதர் எதிரில் உட்கார்ந்து பழக்கமில்லை. தண்ணீர் அவர் அங்கியில். பெரிய தெருப் பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். சாமியார் மெல்ல, "உக்காருங்க, நானும் பயந்துகிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

உட்கார்ந்தேன். குளிர்ந்த தண்ணீர். அப்பாவின் கால் ஞாபகம். பயம் எப்போது போனது, தெரியவில்லை.

10-4, சனி
நேற்று பெரிய வெள்ளி, ஒருசந்தி விரதம். எழுதவில்லை.

காலை தோப்பு வாசலில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் "ஆள் வேணாம்." திரும்பி வரும் வழியில் மகன் திட்டுவான் என்று இருந்தேன். ஆண்டிமடம் பக்கம் வேறு தோப்பு உண்டாம், திங்கட்கிழமை போய்க் கேட்கிறானாம். கஞ்சி குடித்தான். கை கழுவினான்.

"அன்னிக்கு நாற்காலில நல்லா சாஞ்சு உக்காந்திருக்கலாம்ல. முனையிலயே உக்காந்திருந்தீங்க, எங்க வுழுந்துடுவீங்களோன்னு பாத்துகிட்டே இருந்தேன்."