மேக்பைக்குத் திவசம்

அன்பு மகள் கத்தலினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அங்கே ஹாலிபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷாபியும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ போனில் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை, அதற்கு என்னென்னவோ நினைத்திருப்பாய். போனில் சொன்னால் பாதியில் அம்மா அம்மா என்று வெட்டுவாய், கடிதத்தை யாராலும் வெட்ட முடியாது, அதனால் உட்கார்ந்து முழுதும் படி. என்னோடு சீட்டு மேசையில் வேலை பார்த்த லூர்தெஸின் மகள் ஏற்கெனவே உனக்கு ஏதேதோ அனுப்பியிருப்பாள், பத்திரிகையிலும் வந்துவிட்டது, என் படம் வேறு, கண்ணை மூடிக்கொண்டு தூங்குமூஞ்சி மாதிரி நிற்கிறேன். அதையெல்லாம் தள்ளிவை. விஷயம் இதுதான். மேக்பை இனிமேல் காசினோவாகத் திறக்காது, உனக்குப் பேசிவைத்திருந்த சமையலறைப் பொறுப்பும் இல்லை, அதற்குக் காரணம் உன் அம்மாதான்.

கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மேக்பையைத் திரும்பத் திறக்கிறார்கள், தலைமைச் சமையல்காரியாக உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கோடையில் குடும்பத்தோடு ரீனோவுக்கே வந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தாய். கீழே, பழசை விடும்மா, கட்டடம் என்ன பாவம் பண்ணிச்சு என்றும் எழுதியிருந்தாய். வருகிறேன் என்ற வரியைப் படித்ததும் ஓடிப்போய் உன் அறைச் சுவருக்கு வெள்ளையடித்தேன், இந்த முழங்காலோடு ஏணியில் ஏறி. பழசை விடு என்ற வரியைப் படித்ததும் தூரிகையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா நின்ற அதே அடுப்புக்கு முன்னால் நீ நின்று, அதே முதலாளி வெண்டல் ஹோல்ட்டுக்குச் சமைத்துப் போடப்போகிறாய் என்பது எனக்கு எப்படி இறங்கும் சொல். அவன் மேக்பையை மூடியபோது நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய், எல்லாம் காதால் கேட்டாய். நான் கண்ணால் பார்த்தவள். நவம்பரில், நன்றி சொல்லும் நாள் பண்டிகைக்கு முந்தின வாரம், காலை ஷிப்டுக்கு நாங்கள் எல்லாரும் போய் நின்றால் கதவில் சங்கிலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற காவலாளி கையை ஆட்டி, போங்க போங்க, வேலை இல்லை என்றான். முந்தின நாள் மாலை வரைக்கும் ஹோல்ட் எங்கள் நடுவில் சிரித்துக்கொண்டு நடந்தவன். அப்பாவின் கத்திகள் உள்ளே இருந்தன, சொந்தக் கத்திகள், உன் தாத்தா பையோன் நகரத்திலிருந்து கொண்டுவந்தவை. அவற்றைக் கேட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா நடையாய் நடந்தார், கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை. வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது, சிறுநீரகத்துக்குச் செய்துகொண்டிருந்த வைத்தியம் பாதியில் நின்றது, வசந்தத்தில் அவரைப் புதைத்தோம். இதில் எதை விட வேண்டும் என்கிறாய்?

டவுன் எப்படி ஆனது என்று உனக்குத் தெரியும், நீ கடைசியாக வந்தபோது பார்த்தாய். மேக்பைக்குப் பிறகு பக்கத்துக் காசினோக்களும் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன, கலிபோர்னியாக்காரர்கள் தங்கள் ஊர்ப்பக்கமே புதிதாக வந்தவற்றுக்குப் போய்விட்டார்கள், வாரவாடகை விடுதிகளை இடித்துச் சரளைக்கல் கொட்டி வைத்தார்கள், அதில் புல் முளைத்தது, அவ்வளவுதான். இப்போது இரண்டு மூன்று வருடமாகக் கொஞ்சம் மூச்சு வருகிறது. கிழக்கே பாலைவனத்தில் வந்திருக்கும் பேட்டரித் தொழிற்சாலைப் பிள்ளைகள் ஆற்றோரம் குடிவருகிறார்கள், மேக்பைக்கு எதிரே நிக்கோல் என்று ஒரு பெண் காபிக்கடை போட்டாள், நல்ல பெண், காபி மட்டும் வாயில் வைக்க முடியாது. இந்த நேரம் பார்த்துத்தான் ஹோல்ட் புளோரிடாவிலிருந்து திரும்பி வந்தான், டவுனைக் காப்பாற்றப் போகிறேன் என்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கடல் கடந்து இங்கே செம்மறி மேய்க்க வந்த வம்சம் நாம், ஓநாயை நமக்குத் தெரியாதா. ஆனாலும் கடைக்குக் கடை சுவரொட்டி, மேக்பை திரும்புகிறது, நம் குடும்பம் திரும்புகிறது என்று.

காசினோ மூடிக் கிடந்தாலும் லைசென்ஸ் சாகாமலிருக்க வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு முழு ஷிப்ட் கதவைத் திறந்து ஊர் ஜனங்களை உள்ளே விட்டு ஆட்டம் நடத்திக் காட்ட வேண்டும், தெரியுமல்லவா. மேக்பையின் லைசென்ஸில் சீட்டு மேசை ஒன்றாவது இடையில் நிற்காமல் நடக்க வேண்டும் என்று நிபந்தனை. லைசென்ஸ் போனால் அது வெறும் கட்டடம், ஹோல்ட்டுக்குக் கடன் கொடுக்கிறவன் ஒருவனும் இல்லை. இதற்கு முன்னாலெல்லாம் லாஸ் வேகஸிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டுப் போவான். லூர்தெஸ் அதை மேக்பைக்குத் திவசம் என்பாள், செத்ததை ஒருநாள் எழுப்பி உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புகிறார்கள் என்பாள். இந்தத் தடவை அவனுக்குப் பத்திரிகையில் படம் வேண்டியிருந்தது, பழைய முகங்கள் வேண்டியிருந்தன. அதனால் சீட்டுப் போட என்னையும் லூர்தெஸையும் கூப்பிட்டான். சீட்டுப் போட அரசு கொடுக்கும் வேலை அட்டை எங்கள் இரண்டு பேரிடமும் இன்னும் செல்லும். மூன்றாவதாக ஒரு டீலரையும் வைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தானாம், எதுக்கு வெட்டிச் சம்பளம், ஒருத்தி எழுந்தா இன்னொருத்தி உட்காரட்டும் என்றானாம் ஹோல்ட்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்பாய். உன் முகத்தை நினைத்துத்தான் முதலில் சரி என்றேன். அது சத்தியம். அந்த நாள் ஒழுங்காக நடந்தால் கோடையில் நீ வருவாய், ஷாபி இந்தக் கூடத்தில் ஓடுவான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் சீட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போனபோது பழைய கம்பளத்தில் எலிப்புழுக்கை நாற்றம், அதன்மேல் ரோஜாத் தண்ணீர் அடித்திருந்தார்கள். காலையெல்லாம் நன்றாகத்தான் போனது, பழைய ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், விளையாடினார்கள். மத்தியானம் சமையலறைக் கதவு திறந்து கிடந்தது, எட்டிப் பார்த்தேன். அடுப்புகளைக் கழற்றி விற்றிருக்கிறான், சுவரில் கத்தி மாட்டும் காந்தப் பட்டை மட்டும் இருந்தது, வெறுமையாக. கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது லூர்தெஸ் பின்னால் வந்து நின்றாள். "கிராசி, உன் கண்ணைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு, என்ன பண்ணப்போறே?" என்றாள். தெரியலை என்றேன். தெரியத்தான் இல்லை. "நீ எழுந்தா நான் உட்கார மாட்டேன், அவ்வளவுதான் என்னால முடியும்," என்று சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டு போனாள். அவளுக்கு உன் அப்பா செய்த உபகாரங்கள் உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் போல இருக்கும்போது ஹோல்ட் என் மேசையில் வந்து உட்கார்ந்தான், பின்னால் கேமராவோடு பத்திரிகைக்காரன். மாநில அரசிலிருந்து வந்திருந்த ஆய்வாளர், சாம்பல் கோட்டுப் போட்ட ஒரு பெண், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஹோல்ட் என் மார்பில் இருந்த பெயர் அட்டையைப் பார்த்துத் தப்பாகப் படித்து, "கிரேஸ், எனக்கு நல்ல சீட்டாப் போடணும், ஆமா," என்றான். போட்டேன். போட்டுக்கொண்டே, என் புருஷனும் இங்கேதான் வேலை பார்த்தார் என்றேன். அவன் கேமராப் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இதான் மேக்பை குடும்பம்!" என்றான். "தினமும் காலைல உங்க முட்டையைப் பொரிச்சது அவர்தான். மஞ்சள் உடையக்கூடாது, ஓரம் முறுகக்கூடாது உங்களுக்கு. சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டே சாப்பிடுவீங்க, இருபது வருஷம்," என்றேன். "ஆமா ஆமா, தங்கமான ஆளு, அவரை மறக்க முடியுமா," என்றான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், சரி, நினைக்கிறானா பார்ப்போம் என்று எனக்குத் தோன்றிய நேரம் அதுதான். சீட்டைக் கீழே வைத்தேன். "அப்போ அவர் பேரைச் சொல்லுங்க," என்றேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "ஹோசேதானே?" என்றான். சமையல்கட்டில் வேலை செய்தவன் என்றால் மெக்சிகோக்கார ஹோசேயாகத்தான் இருக்கவேண்டும் அவனுக்கு. இல்லை என்றேன். "மிகேல்?" இல்லை. பத்திரிகைக்காரன் கேமராவைத் தாழ்த்திவிட்டான். ஹோல்ட் சுற்றி நின்ற பழைய ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான், யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்று, அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "அவர் பேரைச் சொல்லுங்க, ஷிப்ட் முடியறவரைக்கும் சந்தோஷமா சீட்டுப் போடறேன், வெளியில போய் உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தையும் சொல்றேன்," என்றேன். முன்னால் குனிந்து மெதுவாக, "உனக்கு என்ன வேணும், அதைக் கேளு," என்றான். கேட்டுட்டேன் என்றேன். அவன் நெற்றி வேர்த்ததை நான் நன்றாகப் பார்த்தேன் கத்தலின், ஒரு சொட்டு விடாமல் பார்த்தேன், அவசரப்படாமல். பிறகு, மேசையை விட்டு எழுகிற டீலர் எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்டச் செய்வோமே, அதைச் செய்தேன். இரண்டு கையையும் தட்டி, விரித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி அவனுக்குக் காட்டினேன். எழுந்துவிட்டேன். மேனேஜர் லூர்தெஸைக் கூப்பிட்டான், அவள் நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றி, "கால் வீங்கிப்போச்சுப்பா, வேணும்னா உங்க முதலாளியே போடட்டும்," என்றாள். முதலாளிக்கு ஏது வேலை அட்டை? ஹோல்ட் கத்தினான், கெஞ்சினான், என்னை வழக்கில் இழுப்பேன் என்றான். சாம்பல் கோட்டுப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், "ஆட்டம் நின்னுபோச்சு சார்," என்றார். தெய்வம் நின்று கொல்லும் என்று சொல்வார்கள், தெய்வத்துக்கு வேலை அதிகம், நான் எழுந்து கொன்றேன்.

அப்பாவின் பெயரை அவனுக்கு நான் சொல்லவே இல்லை. வாசலில் கேட்டான், அப்போதும் சொல்லவில்லை. பெத்ரி என்ற பெயர் அவன் வாயில் விழ வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீன்ஸும் ஆட்டுக்கறியும் சூடுபண்ணி வயிறு நிறையச் சாப்பிட்டேன். உனக்கு இது பிடிக்காது, எனக்கு ருசியாக இருந்தது.

ஊரில் பாதிப்பேர் என்னைத் தெருவில் நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள், மீதிப்பேர் அந்தப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறார்கள். நிக்கோல் மட்டும் நேராக வீட்டுக்கே வந்து, "உங்க புருஷனுக்கு நீங்க பழிவாங்கிட்டீங்க, என் கடைக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாள். இப்போது தினமும் போய் அந்தக் கண்றாவிக் காபியைக் குடிக்கிறேன், அவள் கோப்பையை ணங்கென்று வைக்கிறாள், நான் நாளைக்கும் போவேன். ஹோல்ட் கட்டடத்தை விற்கப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மாணவர் விடுதிக்குப் பல்கலைக்கழகம் கேட்கிறது என்று ஒரு பேச்சு, கீழே மளிகைக்கடை வரும் என்று இன்னொரு பேச்சு, வந்தால்தான் நிஜம். சீட்டும் சில்லறையும் இல்லாமல் அந்தத் தெரு பிழைத்துக் காட்டினால் எனக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை. பிழைக்காமல் போனால் என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள், திட்டட்டும், என் பெயராவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி உனக்கும் எனக்கும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் காசினோவில் வேலை பார்த்தும் நான் ஒரு நாள்கூட, ஒரு காசுகூட வைத்து ஆடியதில்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஆடினேன். அவன் சரியான பெயரைச் சொல்லியிருந்தால் நான் வாக்குத் தவறியிருக்க மாட்டேன், உட்கார்ந்து சீட்டுப் போட்டு முடித்திருப்பேன், கோடையில் நீ வந்திருப்பாய். பேரைச் சொல்லுங்க என்று கேட்ட அந்த நேரத்தில் நான் மேசையில் வைத்தது உன் வரவை. உன்னைக் கேட்காமல் வைத்தேன். அவனும் தோற்றான், நானும் தோற்றேன். மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் இதையேதான் செய்வேன் மகளே, அதனால் மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

ஷாபிக்குக் காதை மூடித் தொப்பி போடு, கடல்காற்று பொல்லாதது. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், பல்வலியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல். மாதாவின் கருணையால் உன் அடுப்பு அணையாமல் எரியட்டும், உன் பிள்ளை நீண்ட ஆயுளோடு வளரட்டும், உன்னை யாரும் கதவுக்கு வெளியே நிறுத்தாமல் இருக்கட்டும். கோபம் வந்தால் வைத்துக்கொள், வேண்டாம் என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் திட்டியாவது எழுது. இனி போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் வரவை வைத்து ஆடியவள்,
உன் அம்மா
கிராசியானா