நல்ல வயர்மேன் யாராவது தெரியுமா?

கோலா கிளாவாங் சிறை
10.3.2024

அன்பு மச்சான் மகேந்திரனுக்கு அர்ச்சுனன் எழுதுவது.

நலம்னு எழுதினா நீ சிரிப்பே. அதனால உயிரோட இருக்கேன்னு எழுதுறேன். நீயும் ரோகினியும் சுகமா? சின்னது நடக்க ஆரம்பிச்சிடுச்சா?

இங்க வர்ற கடிதம், போற கடிதம் எல்லாத்தையும் தமிழ் தெரிஞ்ச வார்டர் ஒருத்தர் படிச்சிட்டுத்தான் விடுறாரு. அதனால கேஸைப் பத்தி நீ ஒண்ணும் எழுதாதே. பிட்காயின் எந்திரம் ஓட்டுற கடைவீட்டுக்கு மீட்டரைத் தாண்டிக் கரண்டு இழுத்துக் குடுத்தேன், முதலாளி தவுக்கே ஓடிட்டான், நான் மாட்டிக்கிட்டேன். அவ்வளவுதான் கதை.

தோட்டத்துல கங்காணி வீட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தோமே, நம்ம வேன் எப்படி இருக்கு? அப்பப்ப ஸ்டார்ட் பண்ணிப் போடு, பேட்டரி செத்துடும். பெரிய ஏணியை மழையில போட்டுடாதே. இங்க ஹால்ல ஒரு டியூப் லைட் மினுக்கிக்கிட்டே இருக்கு மச்சான், எனக்குக் கை துறுதுறுங்குது. தொட விடமாட்டேங்கிறாங்க. கரண்டு கேஸுல வந்தவனாச்சே!

திலகா மகளைக் கூட்டிக்கிட்டு பகாவுக்கு, அவ அண்ணன் வீட்டுக்கே போயிட்டா. "கையில வேலையோட வந்து கூட்டிட்டுப் போ, இல்லைன்னா என் வாசப்படியை மிதிக்காதே"ன்னு அண்ணங்காரன் சொல்லியனுப்பிட்டான். வெளிய வந்த மறுநாளே நாம ஏணி தூக்கியாகணும். உன்னைத்தான் நம்பியிருக்கேன்.

உன் மச்சான்
அர்ச்சுனன்


சிரம்பான்
21.4.2024

அன்பு அர்ச்சுனா,

பதில் எழுத இத்தனை நாளாச்சுன்னு கோவிச்சுக்காதே. பேனாவை எடுப்பேன், வச்சிடுவேன். வேனை வித்துட்டேன்டா. திட்டுறதா இருந்தா நல்லா திட்டிடு.

நீ போனப்புறம் தனியா ஓடித்தான் பார்த்தேன். உன் கேஸ் பேப்பர்ல வந்ததுல நம்ம பேரைக் கேட்டாலே கதவைச் சாத்துறாங்க. புது வீட்டு வேலையை எல்லாம் காண்ட்ராக்டர்ங்க குறைஞ்ச கூலிக்கு ஆள் வச்சு முடிச்சிடுறாங்க. எனக்குத் தோள்பட்டை வேற போச்சு, கையைத் தலைக்கு மேல தூக்கினா உயிர் போகுது.

இப்ப சிரம்பான்ல வீட்டுச் சாமான் விக்கிற பெரிய கடை ஒண்ணுல வேலை. பச்சை ஏப்ரன் கட்டிக்கிட்டு சுவிட்ச், விளக்கு விக்கிற வரிசையில நிக்கிறேன். ஏர்கோன் இருக்கு, ஈபிஎஃப் இருக்கு. சிரிக்காதே, அந்த வரிசையில நிக்கிற அத்தனை பேரும் வயர்மேன்தான்! ஹேமநாதன் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வயரிங் போட்டவரு. இப்ப காலிங் பெல்லுக்கு விலை ஒட்டிக்கிட்டிருக்காரு.

ஆனா வாயைத் திறக்கக்கூடாது. எதை எதோட இணைக்கணும்னு சொல்லக்கூடாது, வெளி ஆள் யாரையும் சிபாரிசு பண்ணக்கூடாது. ஏதாவது எரிஞ்சா கடை தலையில விழுமாம். கேபிள் எந்த வரிசைன்னு கை காட்டலாம், அவ்வளவுதான். சாயந்திரம் வீட்டுக்கு வந்தா எரிச்சல் எல்லாம் ரோகினி மேலதான் போகுது.

வர்றவங்க சும்மாவா இருக்காங்க? "நல்ல வயர்மேன் யாராவது தெரியுமா?"ன்னு தினம் யாராவது கேக்கத்தான் செய்யுறாங்க. நீ வெளிய வா. நான் உன் பேரைச் சொல்றேன். மேனேஜர் என்ன, தலையையா வாங்கிடப் போறாரு? இது என் பிள்ளை மேல சத்தியம்.

மகேந்திரன்


கோலா கிளாவாங் சிறை
16.6.2024

வேனை வித்த மகராசனுக்கு,

ரெண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் பசியாற உக்காந்தப்ப யோசிச்சேன். எனக்கு இங்க சோறு வந்துடுது, நீதானே அங்க குடும்பத்தை ஓட்டணும். போனா போகுது, வேன் என்ன நம்ம கூடப் பொறந்ததா!

உன் சத்தியத்தை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கேக்காதே. எனக்கு ஒரு வீடு போதும் மச்சான். ஒரு வீட்டுல ஒழுங்கா செஞ்சு குடுத்தா அவங்க வாயாலயே அடுத்த வீடு வரும். பழைய மோட்டார் சைக்கிள் ஒண்ணும் ஒரு பையும் இருந்தா சமாளிச்சிடுவேன்.

மகேந்திரன் வேலை பிடிச்சுத் தர்றான்னு திலகாவுக்கு எழுதினேன். இத்தனை நாள் பதிலே போடாதவ, இந்தத் தடவை எழுதியிருக்கா. "முதல் வேலையை முடிச்சிட்டு வாங்க, நானும் பாப்பாவும் கிளம்பி நிப்போம்." அவ்வளவுதான் எழுதியிருந்தா. நான் அழுதுட்டேன்டா. பக்கத்துல படுக்கிறவன் என்னமோ சாவுச் சேதின்னு நினைச்சுட்டான்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை விடுறாங்க. கேட்டுக்கு வந்துடு. முதல்ல உன் மூஞ்சியைத்தான் பார்க்கணும்.

அர்ச்சுனன்


சிரம்பான்
1.9.2024

அர்ச்சுனா,

சனிக்கிழமை கடையில கூட்டம், லீவு தரமாட்டாங்க. கேட்டுக்கு வர முடியாதுடா. பஸ் ஏறி சிரம்பான் வந்துடு. வீட்டுக்கு வேண்டாம், போலீஸ் கீலீஸ்னு ரோகினி பயப்படுறா. தப்பா நினைக்காதே. நேரா கடைக்கு வா.

ஹேமநாதன் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கஸ்டமர் ஒருத்தருக்கு யாரோட நம்பரையோ குடுத்தாராம். இந்த வயசுல அவரை யாரு எடுப்பா? எனக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

சொன்ன சொல்லை மறக்கல. வா, பார்ப்போம்.

மகேந்திரன்


சி ரூசா
29.9.2024

மகேந்திரனுக்கு,

அன்னைக்குக் கடைக்கு வந்தேன். நீ என்னைப் பார்க்கல. விளக்கு அடுக்கியிருக்கிற ராக்குக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பச்சை ஏப்ரன்ல இளைச்சுத் தெரிஞ்சே. கூப்பிட வாயெடுத்தேன், அதுக்குள்ள ஒரு அம்மா உன்கிட்ட வந்துட்டாங்க. வீடு முழுக்க பழைய வயராம், எல்லாத்தையும் மாத்தணுமாம். "நல்ல வயர்மேன் யாராவது தெரியுமாப்பா?"ன்னு கேட்டாங்க.

உன் வாயில என் பேர் வரும்னு ராக்கை ஒட்டி நின்னேன். உன் மேனேஜரா இருக்கணும், தூரத்துல கவுண்டர்கிட்ட ஒருத்தர் போன் பேசிக்கிட்டு நின்னாரு. நீயும் திரும்பி அவரைப் பார்த்தே. அப்புறம் "தெரியாதும்மா"ன்னே. அவங்க விடல. "இந்த வேலையில நிக்கிறே, ஒருத்தரைக் கூடவா தெரியாது?"

"ஒருத்தரையும் தெரியாதும்மா."

ஒருத்தரையுமா மச்சான்?

இப்ப என் கடிதத்தை வார்டர் யாரும் படிக்கப் போறதில்ல, அதனால எழுதுறேன். அந்த பிட்காயின் கடைவீட்டுல ஏணி மேல நின்னது நான். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு வயரை எடுத்து எடுத்துக் குடுத்தது நீ. கூட யாருன்னு போலீஸ்ல திரும்பத் திரும்பக் கேட்டாங்க, பேரைச் சொன்னா தண்டனை குறையும்னாங்க. நான் ஒருத்தன்தான்னு சொன்னேன். உன் வீட்டுல அப்பக் கைக்குழந்தை.

சொல்லிக் காட்டுறேன்னு நினைச்சுக்கோ, பரவாயில்ல. ஏப்ரனைக் கழட்டிட்டு நீ எங்க போய் நிப்பே, உனக்கும் வயிறு இருக்கு, எல்லாம் எனக்குப் புரியுது. புரியுறது வேற, வலிக்கிறது வேற லா.

வெறுங்கையோட வெளிய போனா வாசல்ல நிக்கிற கார்டு என் பையைச் சோதிப்பானோன்னு பயந்து வயர் சுத்துற டேப் ஒண்ணு வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். பகாவுக்குப் போகல. எனக்காகக் கிளம்பி நிக்க வேண்டாம்னு திலகாவுக்கு எழுதிட்டேன். அவகிட்டேருந்து பதில் இல்ல. நீயும் பதில் எழுத வேண்டாம்.

இங்க குலாம் முகம்மது பாய் சாப்பாட்டுக் கடையில மங்கு, தட்டு கழுவுறேன். நல்ல மனுஷன், படுக்க இடம் குடுத்திருக்காரு. என்ன தொழில் செஞ்சேன்னு அவர் கேக்கல. வயர்மேன்னு சொன்னா எங்க செஞ்சே, ஏன் விட்டேன்னு எல்லாம் வெளிய வரும், நானும் சொல்லல.

நேத்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கடையில காத்தாடி எல்லாம் நின்னுபோச்சு. பாய் மெயின் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு என்கிட்ட வந்து, "தம்பி, நல்ல வயர்மேன் யாராவது தெரியுமா?"ன்னு கேட்டாரு. எனக்கு உன் முகம்தான் வந்துச்சு. நானும் ஒரு வயர்மேன்தான்ங்கிறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

தெரியாது பாய்னு சொல்லிட்டு மறுபடி மங்கு கழுவினேன்.

அர்ச்சுனன்