அத்தா காயவைத்த கஞ்சிக் காகிதம்

என் பிரியமுள்ள அத்தாவுக்கு,

சலாம். நீங்கள் சொல்லும் பதில் சலாம் என் காதில் விழாது. இருந்தாலும் சொல்கிறேன். பயமாக இருக்கிறது, அத்தா. அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீர் ஆறவேண்டும்.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு நானும் அம்மாவும் கம்பத்தில் மாமா வீட்டில்தான் இருக்கிறோம். திராட்சைக்கு மருந்தடிக்க வாங்கிய மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பு மூட்டையை மாமா கிணற்றடி மோட்டார் ரூமில் வைத்திருந்தார். நேற்று மழையில் கூரை ஒழுகி மூட்டை நனைந்துவிட்டது. காலையில் பார்த்தேன். ரூம் வாசலிலிருந்து கிணற்று விளிம்பு வரை மண்ணில் நீலக் கோடு.

நாளை பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டு முறை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் காய்ச்சப் போகிறார்கள். தெருப்பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு வருவார்கள்.

நீங்கள் வேலை பார்த்த கல்லூரி லேபில் சோதனைக் காகிதம் தீர்ந்துபோனால் அம்மா வடித்த கஞ்சியில் அயோடைடு உப்பைக் கலந்து, மையொற்றும் தாளை நனைத்து, நிழலில் காயவைப்பீர்களே, துத்தம் கலந்த தண்ணீர் பட்டால் நீலமாகும் அந்தக் காகிதங்கள் கறுப்புத் தாள் சுற்றிய பாட்டிலில் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் வெட்டியவை என்று தொடாமல் வைத்திருந்தேன். இன்று ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்தேன். நீலமாகிவிட்டது. பழசாகிக் கெட்டிருக்குமோ என்று இன்னொன்றை மழைத் தண்ணீரில் நனைத்தேன். அது வெள்ளையாகவே இருந்தது.

மாமாவிடம் காட்டினேன். சிரித்தார்.

"ஒன் அத்தா மாதிரி நீயும் காயிதத்த நனைச்சுக்கிட்டுத் திரியிறியா? கஞ்சிக்குத் தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு காலையில நாந்தேன் பிளீச்சிங் பவுடர் போட்டேன். அதுக்குத்தேன் நீலம். போ புள்ள."

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் நெழல்ல இருக்கோம் ஆத்தா. வெசங்கிசம்னு வாயத் தொறந்துராத. ஊரே பேசுவாக. பெறகு நாம எங்கன போறது?"

மாமா சொன்னதிலும் பொய்யில்லை. பவுடருக்கும் காகிதம் நீலமாகும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் பவுடரின் குளோரின் கொதித்தால் போய்விடும், துத்தம் போகாதே. அதனால்தான் கொதிக்கவைத்தேன். சூட்டில் நீலம் தெரியாது என்பீர்கள், அதனால்தான் காத்திருக்கிறேன். வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்று துஆ கேட்கிறேன். இருந்தால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். இல்லாவிட்டால்?

மாமா இருமுகிறார். விளக்கைக் குறைத்துக்கொண்டேன்.

ஆறிவிட்டது, அத்தா. நனைத்தேன்.

நீலம்.

இப்போது என்ன செய்வேன்? மாமா எங்களைப் போகச் சொல்லிவிட்டால் அம்மா எங்கே போவாள்? நீங்கள் இருந்திருந்தால் அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்?

பாட்டிலில் ஒரு காகிதம்தான் மிச்சம். அதையாவது உங்கள் ஞாபகமாக வைத்துக்கொள்ள நினைத்தேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும் பக்கீர் பாவாவின் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் மாமா எழுவார். ஆறிய தண்ணீரை அவர் முன்னால் வைத்து, காகிதத்தை அவர் கையில் கொடுப்பேன். பேச்சு வராமல் போனால், "கொதிச்சா பவுடர் போயிரும், நீங்களே நனைச்சுப் பாருங்க மாமா" என்று மட்டும் சொல்வேன். அம்மா அழுதாலும் கொடுப்பேன். உங்கள் மேல் சத்தியம், அத்தா.

துஆவோடு,
உங்கள் ஒரே மகள்
ரஹ்மத்து