முகட்டு ஆட்டுக்காலன்

கோல்டிங்
02.03.2025

அன்பின் மலருக்கு,

இங்கே நான் சுகம். உமது முழங்கால் வலி எப்படி என்று அறிய ஆவல். மகள் சாருஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லும்.

ஃபோனை எடுக்கிறீர் இல்லை. நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்துவிட்டு, டெனிஷ் பேப்பரில் வந்த ஒரு படத்துக்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒடென்சேக்குப் போய், மகள் வீட்டுக்குக் கிட்டத் தனி வீடு எடுத்துவிட்டீர். மூன்று மாதமாயிற்று. நான் செய்த குற்றம் என்ன? துப்புரவு வேலை செய்கிற மாளிகையில், ஓர் அறையின் முகட்டுச் சிலைகளைத் தூசி தட்டினேன். அதில் பெண்கள் உடுப்பில்லாமல் இருப்பது என் பிழையா? முந்நூறு வருடத்துக்கு முதல் எவனோ செய்து வைத்தது.

"அந்த அறை வேலையை விடுங்கோ" என்று நீர் சொன்னபோது, விட்டுவிட்டேன் என்றது பொய்தான். பதினொரு வருடமாக அதே மாளிகையின் ஹோட்டல் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை என்று சொன்னதும் பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். இனியென்ன செய்யச் சொல்கிறீர்? பருப்பு ஒவ்வொரு நாளும் அடிப்பிடிக்கிறது. வீட்டுக்கு வாரும்.

இப்படிக்கு,
சாருஜாவின் அப்பா


ஒடென்சே
09.03.2025

சாருஜாவின் அப்பாவுக்கு,

முழங்கால் முந்தியைப் போலத்தான். பருப்புக்கு அடுப்பைக் குறைத்துவிட்டுக் கிட்ட நில்லுங்கள்.

படத்துக்காக நான் வரவில்லை. அந்தப் படத்தில் ஏணியில், தூரிகையும் கையுமாக வாயெல்லாம் பல்லாக நிற்கிறீர்கள். வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்! பதினொரு வருடம் பின்னேரத்தில் வந்து குந்தி, தோய்க்கிற மெஷின் பழுதான கதையெல்லாம் சொன்னீர்கள். நானும் பாவம் மனுசன் என்று தேத்தண்ணீர் ஊற்றித் தந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியொரு மெஷினே இல்லை. இனி நீங்கள் எதைச் சொன்னாலும், இதுவும் அந்த மெஷின் கதைதானோ என்று எனக்குத் தோன்றும். அந்த எண்ணத்தோடு ஒரு வீட்டுக்குள் இருக்க ஏலாது.

ஃபோனில் நீங்கள் வாயால் வென்றுவிடுவீர்கள். எழுதுங்கள். பொய்யை எழுதக் கை கூசும். ஒளிக்காமல் எழுதிக் காட்டினால் கோடைக்குள் வீட்டுக்கு வருவேன். முதலில் அந்த முகட்டில் என்னதான் இருக்கிறது என்று எழுதுங்கள்.

ராசமலர்


கோல்டிங்
23.03.2025

அன்பின் மலருக்கு,

அடுப்பைக் குறைத்தேன். பருப்பு சரிவந்தது.

முகடு முழுக்க எங்கள் கோபுரத்துப் பொம்மைகளைப் போலச் சுதைதான். நிறம் இல்லை, ஒரே வெள்ளை. இடுப்புக்கு மேலே மனிதனும் கீழே ஆடுமாக இருக்கிறவர்களை இவர்கள் சாற்றிர் என்கிறார்கள். காட்டில் குடித்துக் கும்மாளமடிக்கிற கூட்டம். நான் ஆட்டுக்காலன் என்றுதான் சொல்லுவேன். பெண்களுக்கு நிம்ஃப் என்று பெயர். ஓடையிலும் மரத்திலும் குடியிருப்பவர்களாம். எங்கே பார்த்தாலும் அவன் துரத்துகிறான், அவள் ஓடுகிறாள்.

யன்னல் மூலையில் மட்டும் ஒரு சோடி ஓடவில்லை. கிழட்டு ஆட்டுக்காலன் ஒருத்தன் குந்தியிருக்கிறான். பக்கத்தில் ஒருத்தி காலைத் தண்ணீருக்குள் விட்டபடி இருக்கிறாள். அவன் திராட்சைக் குலை ஒன்றை நீட்டுகிறான். அவள் இன்னும் வாங்கவில்லை.

திங்கட்கிழமையில் மாளிகை பூட்டு. ஆள் அரவம் இராது. நான் ஏணியில் ஏறி, மெல்லிய தூரிகையால் அவன் காதுக்குப் பின்னால் தட்டுவேன். சொன்னால் சிரிப்பீர், அவனோடு கதைப்பேன். உமக்குச் சொல்லாத பலதும் அவனுக்குத் தெரியும். போன திங்களும் தட்டினேன்.

இப்படிக்கு,
சாருஜாவின் அப்பா


ஒடென்சே
06.04.2025

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் இப்படி எழுதும்போது நானும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

உடுப்பில்லாத பெண்களைப் பார்த்துக் கோபம் வந்தது என்று நான் சொன்னது பொய். எங்கள் கோயில் தேரில் இல்லாததா? பதினொரு வருடத்துக்கு முதல், அந்த அறையில் வேலைக்காரருக்கு வைத்த கோடை விருந்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்களே, அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். அண்ணாந்து பார்த்தால் ஒருவர் குழல் ஊதுகிறார், சுற்றிவரப் பெண்கள் ஆடுகிறார்கள். இந்தக் குளிர் ஊரில் எங்கள் கிருஷ்ணரை யாரப்பா வைத்தது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றிப்போட்டுக் கும்பிட்டேன். உங்களோடு வேலை செய்கிற ஸ்ரிபன் இவ என்ன செய்கிறா என்று கேட்டான். நான் ஆட்டுக்காலனைக் கடவுள் என்று கும்பிடுகிறேன் என்று நீங்கள் டெனிஷில் விளங்கப்படுத்தினீர்கள். மேசை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், மற்றவர்களை விடக் கூட.

அந்த அறைக்குள் நீங்கள் இனிப் போகக் கூடாது என்று நினைத்தது அதனால்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதியதும் பாரம் குறைந்தமாதிரி இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை வந்து நீங்கள் ஏணியில் நிற்பதைப் பார்க்க ஆசை.

உங்கள் மலர்


கோல்டிங்
20.04.2025

அன்பின் மலருக்கு,

சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் நானும் உம்மைப் போல ஒன்றும் அறியாதவன் என்று நினைப்பார்கள் எனப் பயந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானும் அந்தக் குழல் ஊதுகிறவனைக் கிருஷ்ணர் என்றுதான் நினைத்தேன். ஏணியில் ஏறி அவன் ஆட்டுக்காலைப் பார்த்த பிறகுதான் தெரியும். ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு உமக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை இப்போதைக்கு வேண்டாம். முகட்டில் வெடிப்பு அடைக்கிறார்கள், சாரம் கட்டியிருக்கிறது. ஆடி, ஆவணியில் வாரும். அந்த முழங்காலோடு பஸ் ஏறி இறங்க வேண்டாம்.

இப்படிக்கு,
சாருஜாவின் அப்பா


ஒடென்சே
07.05.2025

சாருஜாவின் அப்பாவுக்கு,

நேற்று மாளிகைக்குப் போனேன். சொல்லாமல் போய் முன்னால் நிற்போம் என்று பயற்றம் பணியாரமும் சுட்டு எடுத்துப்போனேன். சாரமும் இல்லை, வெடிப்பும் இல்லை.

வாசலில் சீட்டுக் கொடுக்கிற பிள்ளையிடம் உங்களைக் கேட்டேன். நீங்கள் ஜனவரியோடு நின்றுவிட்டீர்களாம். துப்புரவு வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டார்களாம். கேக் வெட்டி, பூங்கொத்துத் தந்து அனுப்பினார்களாம். நீங்கள் அழுதீர்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, நான் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள். தெரிந்த ஆள் என்றேன்.

உள்ளே போய் அந்தச் சோடியைப் பார்த்தேன். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தேன். திராட்சைக் குலையில் தூசி மொத்தமாகப் படிந்திருந்தது. அவன் காதிலும்தான்.

வேலை போனது குற்றமில்லை. அதை எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்திருப்பேன். போன திங்களும் தட்டினேன் என்று எப்படி எழுத மனம் வந்தது? எழுதினால் கை கூசும் என்று நினைத்தது என் மடத்தனம். இனி எழுத வேண்டாம். சொல்ல ஏதும் இருந்தால் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வராவிட்டால் நான் விளங்கிக்கொள்வேன்.

பணியாரத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

ராசமலர்


கோல்டிங்
16.05.2025

அன்பின் மலருக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இதை மட்டும் வாசியும்.

வேலை போய் நாலு மாதம். இப்போதும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஏழரை பஸ் எடுக்கிறேன். நூலகத்தில் மூன்று மணி வரை குந்தியிருந்துவிட்டு வருகிறேன். வழியில் கண்ட நம் சனம் கேட்டால் வேலைக்கு என்று சொல்லலாம் அல்லவா. சில நாள் ஒருவரோடும் ஒரு சொல்லும் கதையாமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உமக்கு எழுத அந்த முகட்டை விட்டால் என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை ஒடென்சேக்கு வந்தேன். ரெயிலில் ஒரே வசனத்தைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "வேலை போட்டுது மலர், எனக்குப் பயமாய்க் கிடக்கு." உமது கட்டடத்து வாசலில், மணிக்குப் பக்கத்தில், ரா. கனகசபை என்று உமது பெயரோடு என் பெயரும் இன்னும் இருந்தது. அமத்தினேன். யாரென்று வாசல் ஸ்பீக்கரில், டெனிஷில் கேட்டீர். நான் தமிழில், "ஒருத்தருமில்லை, பிழையாய் அமத்திப்போட்டன்" என்றேன்.

கதவு விர்ரென்றது. மேலிருந்து திறந்துவிட்டீர். தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை. சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் திறந்தீர். அதுவும் நின்றது. பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

அடுத்த வியாழனும் அதே ரெயிலில் வருவேன். மணியை அமத்துவேன். யாரென்று கேட்டால் பெயரைச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
கனகசபை