மஞ்சளாகிப்போன ஆலாத்தி

2009 பெப்ரவரி 8, ஞாயிறு — பெரியகல்லாறு

விஞ்ஞான ஆசிரியையாகிய என் கலியாணத்தை இன்று ஒரு தேசிக்காய் குழப்பிவிட்டது.

உதயரூபன் வீட்டார் நாள் வைக்க வந்தார்கள். கூட்டுறவுக் கடை மனேஜர் உதயரூபன். சுனாமி முகாமில் எங்களுக்கு அரிசி நிறுத்துத் தந்தவர். அன்றிலிருந்து என்னை 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிட்டே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டு, இப்போதுதான் பெண் கேட்க வாய் வந்தது. அவர் படியேறுமுன் அம்மா ஆலாத்தித் தட்டோடு நின்றார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த நல்ல சிவப்புத் தண்ணீர். உதயரூபனைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அவருடைய பெரியக்கா கண்ணகை, கண்ணூறு கழியட்டும் என்று கோயில் தேசிக்காயை அதில் பிழிந்தார்.

தண்ணீர் மஞ்சளாகிவிட்டது.

"ஐயோ, சிவப்பு வெளுத்துப் போச்சிகா! இது ஆகாத சகுனம்!" என்று கத்தினார் கண்ணகை அக்கா.

வந்தவர்கள் பலகாரம் தொடாமலே போய்விட்டார்கள். அப்பாதான் பாவம், பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 9

என்னோடு படிப்பிக்கிற மார்கிறட் டீச்சரிடம் சொன்னேன். சிரித்தாள்.

"தேசிக்காய்ப் புளி அமிலம். சுண்ணாம்பு காரம். அமிலம் விட்டா மஞ்சள் பழையபடி மஞ்சளாகும். இதப் படிப்பிக்கிற நீ, நேத்து வாயில என்ன வச்சிரிந்தாய்?"

கொழுக்கட்டை! நாள் வைக்க வந்த இடத்தில் பெண் எழுந்து பாடம் நடத்தலாமா? ஆனால் அவள் சொன்னது சரிதான். அமிலமா காரமா என்று காட்டுகிற பாசிச்சாயத்தாளைச் சுனாமி கொண்டுபோனது, பதில் இன்னும் வரவில்லை. மஞ்சள் பூசிய தாளில்தான் நான் வகுப்பை நடத்துகிறேன். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் சிவக்கும், புளி பட்டால் திரும்ப மஞ்சள். என் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். கண்ணகை அக்காவுக்கு யார் சொல்வது?

பெப்ரவரி 15

நானே சொன்னேன். மார்கிறட்டைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கண்ணாடிக் கோப்பையில் மஞ்சள் தண்ணீரோடு அவர் வீட்டுக்குப் போனேன். சுண்ணாம்பு போட்டேன், சிவந்தது. தேசிக்காய் பிழிந்தேன், மஞ்சள். திரும்பச் சுண்ணாம்பு, திரும்பச் சிவப்பு.

"இது சகுனமில்ல அக்கா. ரெண்டும் ஒண்டையொண்டு அடக்கிற வேல. எது மிஞ்சுதோ அதுட நிறம் நிக்கும்."

அக்கா கோப்பையை உற்றுப் பார்த்தார். பிறகு உதயரூபன் பக்கம் திரும்பினார்.

"நல்ல காலம் தப்பினம். நிறத்தையே மாத்துற பொம்புள, உன்ன மாத்த எவ்வளவு நேரம்?"

திரும்பும் வழியில் மார்கிறட் மதகில் உட்கார்ந்து சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு அந்த மனுசன்தான் வேணும். வேற ஆரும் வேணாம்.

மே 19

சண்டை முடிந்துவிட்டதாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். அம்மா யன்னல்களைச் சாத்தினார். அப்பா றேடியோவை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12

உதயரூபன் வேறு பெண் பார்க்கவே மாட்டேன் என்கிறாராம். கண்ணகை அக்கா ஆள் அனுப்பியிருக்கிறார், கலியாணம் வைக்கலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை. அன்றைக்கும் அவர் தேசிக்காய் பிழிவார். ஊர் பார்த்திருக்க ஆலாத்தி சிவப்பாகவே நிற்கவேண்டும். மஞ்சளானால் மாப்பிள்ளை வாசலோடு திரும்பிவிடுவார்.

இவ்வளவுதானா? சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும்!

ஆகஸ்ட் 30

கலியாணம் முடிந்தது.

காலையில் பட்டுச் சேலையோடு அடுப்படிக்குள் நுழைந்து, அம்மா கரைத்து வைத்த ஆலாத்தியில் ஒரு கரண்டி சுண்ணாம்பு போட்டேன். "தட்ட என்ர கையாலதான் வாசலுக்குக் கொண்டு போவன்" என்று கண்ணகை அக்கா வந்து வாங்கிக்கொண்டார். ஊரே எட்டிப் பார்த்தது. தேசிக்காயில் ஒரு பாதியைப் பிழிந்தார். மற்றப் பாதியையும் பிழிந்தார். தண்ணீர் அசையவில்லை. செங்கல்லைக் கரைத்த மாதிரிச் சிவப்பு. பெண்களின் குரவை வானத்தைப் பிளந்தது. தொட்டு மாப்பிள்ளையின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார்கள்.

மணவறையில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"சந்தோசத்தில அழுறான் பாருங்க" என்றார் அக்கா.

அவர் என் காதோடு சொன்னார்: "டீச்சர், நெத்தி எரியிது."

"துடைக்காதீங்க! சகுனம்!"

சொன்னது நான். காரம் தோலை அரிக்கும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிற நான்! அந்த மனுசனும் தாலி கட்டி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகுதான் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். வாளி வாளியாகத் தண்ணீர், அதன்பிறகு பந்திக்கு வைத்திருந்த தயிர். தோல் வட்டமாக உரிந்துவிட்டது.

ஒரு கரண்டிக்கு இவ்வளவா? அம்மாவைக் கேட்டேன். பயத்தில் அவரும் ஒரு கரண்டி கூடப் போட்டாராம். அப்பா தொண்டையைச் செருமினார். அவரும்தான்.

செப்டம்பர் 6

கண்ணகை அக்கா தயிர்ச் சட்டியோடு வந்தார். தம்பியின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"தேசிக்காய் பெரிசாப் போயிட்டுகா. வழியில நானும் வெத்திலைச் சுண்ணாம்பில கொஞ்சம் வழிச்சிப் போட்டனான்."

"நீங்களா?"

"அண்டைக்கி நீ செஞ்சி காட்டக்குள்ள நான் என்ன கண்ண மூடிட்டா இரிந்தன்? ஊருக்கு முன்னால ஆகாதெண்டு சொல்லிட்டன், எப்பிடித் திரும்பிற? இவன் சோறு தின்னாமக் கிடந்தான் மனே."

அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவரில் வெற்றிலை மணத்தது.