படியேறிய மறுநாள்

ஜூலை 4, வெள்ளி

சித்தூரில் வானம் மப்பு. மழை இல்லை. மாங்கூழ் ஆலை வாசலில் லாரி வரிசை. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியாயிற்று, மாலை 5.

மகள் ஹேமாவுக்கு 21ஆம் தேதி பெங்களூரில் விமானி ஆவதற்கான மருத்துவத் தகுதித் தேர்வு. இரண்டு நாள். அதற்கு முன் திருப்பதியில் எல்லாப் பரிசோதனையையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுவதாக முடிவு.

ரத்தம், சிறுநீர் – திங்கள்.
காது – அழுக்கு எடுக்க வேண்டும்.
பழைய மூக்குக்கண்ணாடிச் சீட்டு – எங்கே?
பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அசல்.

பெங்களூரில் 'இப்போது தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் செப்டம்பரில் விமானப் பள்ளிச் சேர்க்கை போய்விடும். ஹேமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். தேர்வுத் தேதி கிடைத்தால் மகளை நடந்தே திருமலைக்கு அனுப்புவதாக என் மனைவி சரோஜாவின் வேண்டுதல். இருவரும் போயிருக்கிறார்கள். மா. 6 போன்: தரிசனம் ஆயிற்று, திருப்பதியில் மச்சினி வீட்டில் தங்கல். சோறு நானே வடித்தேன். குழைந்தது.

ஜூலை 7, திங்கள்

முதல் பஸ்ஸில் திருப்பதி. பரிசோதனைக் கூடத்தில் ஒரு படிவம். 'நேற்று கடுமையான உடற்பயிற்சி செய்தீர்களா?' இல்லை என்று ஹேமா டிக் செய்தாள்.

மதியம் கவுண்டரில் இருந்த பெண், தெலுங்கு கலந்த தமிழில்: "அன்னி நார்மல் சார், எல்லாமே. யூரின்ல மட்டும் ப்ரோட்டீன் ரெண்டு ப்ளஸ் ஒச்சிந்தி. டாக்டருக்கு காட்டுங்க."

சிறுநீரில் புரதம் இருக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

திருப்பதி டாக்டர் நிதானமானவர். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு? இல்லை. கால் வீக்கம்? இல்லை. ஓட்டம், ஜிம்? "இல்ல சார்" என்றாள் ஹேமா. பக்கத்தில் நானும் தலையாட்டினேன். வியாழன் ஸ்கேன்.

பஸ்ஸில் அவள்: "இன்னா நைனா அப்டியே பாத்துக்கினு வர? என் கிட்னி எங்கியும் ஓடிப் போகல."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

கா. 10. வாசலில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சரோஜா:

"ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சி குனிஞ்சி மஞ்சா குங்குமம் வச்சிக்கினே ஏறினா, அக்கா. ஆறு மணி நேரம். ஒரு படி வுடல. இப்ப பாரு, செவுத்த புடிச்சிக்கினு நடக்கறா."

எழுதிக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன். ஹேமாவைக் கூப்பிட்டேன்.

"டாக்டர் கேட்டப்ப ஏம்மா இத சொல்லல?"

"அவரு எக்ஸர்சைஸ் பண்ணியான்னு தான நைனா கேட்டாரு?"

சரோஜா உள்ளே வந்தாள். "சாமிக்கு ஏறினத போயி எக்ஸர்சைஸ்னு யாராவது சொல்லுவாங்களா?"

அவளைச் சொல்லிப் பயனில்லை. முப்பது ஆண்டுகளாக ஊராரிடம் 'முந்தின நாள் என்ன நடந்தது' என்று கேட்டே சம்பளம் வாங்கியவன், டாக்டர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

டாக்டருக்குப் போன். முதலில் சிரித்தார். உடம்பை வருத்தினாலும் ஓரிரு நாள் புரதம் வரலாமாம். ஐந்து நாள் ஓய்வு, நிறையத் தண்ணீர், மறுபடி சோதனை. ஸ்கேன் அதன் பிறகு. "இதுதான் காரணம்னு இப்பவே முடிவு கட்டாதீங்க, ரிப்போர்ட்டர் சார்."

நியாயம்.

ஜூலை 12, சனி

தூறல். செய்தி: நகராட்சிக் குழாய் உடைப்பு, நான்கு வரி. ஹேமாவின் தண்ணீர் பாட்டிலை சரோஜா மணிக்கொருமுறை நிரப்புகிறாள். காய் நறுக்கும்போது, தலை நிமிராமல், "என்னாலதான?" என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா, தெரியவில்லை. அதற்குள் ஹேமாவின் குரல்: "முறுக்கு எங்கமா? ஓய்வுன்னா துன்னக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல."

ஜூலை 14, திங்கள்

புரதம்: இல்லை.

மூன்று முறை படித்தேன். தேதி, பெயர், வயது எல்லாம் சரி. ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். சரோஜாவுக்குப் போன் செய்தேன்.

ஜூலை 19, சனி

பெங்களூர்ப் படிவம். 'முன்பு எப்போதாவது சிறுநீரில் புரதம்?'

"ஆமான்னு போட்டா தோண்டித் தோண்டிக் கேப்பாங்க நைனா. இல்லன்னா கேக்க மாட்டாங்க."

"கையெழுத்து உன்னுது. நீயே போடு."

நெடுநேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு ஆம் என்று போட்டுக் கீழே எழுதினாள்: 'ஜூலை 7, இரண்டு ப்ளஸ். முந்தின நாள் படிகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே திருமலை ஏறினேன், ஆறு மணி நேரம். ஜூலை 14, இல்லை. இரண்டு அறிக்கையும் இணைப்பில்.'

என்னிடம் நீட்டினாள். வெட்ட ஒரு சொல் இல்லை.

ஜூலை 21, திங்கள்

பெங்களூர். குளிர்காற்று. கா. 7.10 உள்ளே போனாள். போன் என்னிடம். எதிர்க் கடையில் மூன்று டீ.

மா. 3.40 வெளியே வந்தாள்.

"யூரின் கிளியர் நைனா. நான் எழுதினத அந்த டாக்டர் ரெண்டு வாட்டி படிச்சாரு."

"இன்னா கேட்டாரு?"

"ஆறு மணி நேரம் தானான்னாரு. பொட்டு வைக்காமலே படியேற அவருக்கு ஏழு ஆச்சாம்."

நாளை கா. 7. கண், காது.